விசில்காரர் ஓடையை விட்டுப் போனது

ஜூன் 3, செவ்வாய்

எங்கள் ஓடைக்கரை முகாமில் ஐந்து கூடாரங்களும் நிரம்பிவிட்டன. விசில்காரர் மட்டும் வாய் திறக்கவில்லை, இன்றோடு ஆறு நாள். ஓடைப் பாறை இடுக்கில் கூடு கட்டியிருக்கும் கருநீலப் பறவைக்கு என் வீட்டுக்காரர் வைத்த பெயர் அது. விடிந்ததும் மனிதர் மாதிரியே சீட்டியடிக்கும். அதைக் கேட்கத்தான் பாதிப் பேர் இங்கே வருகிறார்கள். இரண்டாம் கூடாரத்து அம்மா, "வெப்சைட்ல போட்டிருந்தீங்களே, எங்கேம்மா அந்தப் பறவை?" என்றார். நான் அதை அலமாரியில் பூட்டி வைத்திருப்பது போல!

ஜூன் 4

செய்துவிட்டேன். போன வருடம் வீட்டுக்காரரே பதிவு செய்த அதன் குரல் என் போனில் இருந்தது. சின்ன ஸ்பீக்கரைப் புதருக்குள் வைத்து ஒரே ஒரு தடவை போட்டேன். கூடாரங்களிலிருந்து "ஆஹா" என்றார்கள். ஒரு தடவைதானே?

ஜூன் 7

ஒரு தடவை எங்கே! நாலு நாளாகப் போடுகிறேன். இன்று நிஜப் பறவையே வந்து புதரைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. இவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, நம்மாளு கோவம் தீந்து பாட ஆரம்பிச்சுட்டாரு!"

மகள் பல் தேய்த்தபடியே சொன்னாள்: "அப்பா, அது பாட்டு இல்ல. யாரையோ திட்டுது."

காலை நடை கிளம்பும்போது விருந்தினரிடம் இவர் சொல்லும் முதல் விதியே, யாரும் போனில் பறவைக் குரல் போடக் கூடாது என்பதுதான். வேறொரு பறவை இடம் பிடிக்க வந்துவிட்டது என்று மிரண்டு கூட்டையே விட்டுவிடுமாம். நூறு தடவை கேட்டிருக்கிறேன். கேட்டு என்ன பிரயோசனம்?

ஜூன் 8

ஸ்பீக்கரை எடுத்துவிட்டேன். இவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 11

கூட்டில் மூன்று முட்டை. பறவை மூன்று நாளாகத் திரும்பவில்லை. இவர் பாறைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், சாப்பிடக்கூட வரவில்லை. "ஆளுங்கள ரொம்பக் கிட்டக் கூட்டிட்டுப் போயிட்டேனோ? தப்பு என்மேலதானோ?" என்று என்னிடமே கேட்கிறார்.

ஐயோ, இதக் கேட்டுட்டு எப்படிச் சும்மா நிக்கிறது? பாவி, பண்ணது நான்தானே! எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

இவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "பொய் சொல்லாமப் பொழைக்கணும்னுதானே ரெண்டு பேரும் இங்க வந்தோம்" என்றார். அவ்வளவுதான்.

ஜூன் 12

பேச்சில்லை.

ஜூன் 14

இன்றும் பேச்சில்லை. கூடாரத் துணிகளை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். உட்கார்ந்தால் மனம் ஓடைக்கே ஓடுகிறது. அந்த மூன்று முட்டைக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

சாயங்காலம் மகளைப் பார்த்து, "நாளைக்கு நடைக்கு உங்கம்மாவே கூட்டிட்டுப் போகட்டும், சொல்லிடு" என்றார். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

விருந்தினர் ஒன்பது பேர். கிளம்பும் முன்பே சொல்லிவிட்டேன். "இந்த வருஷம் அந்தப் பறவை இல்லைங்க. உங்கள மாதிரி வந்தவங்க ஏமாந்துடக் கூடாதுன்னு நான் அதோட குரல ஸ்பீக்கர்ல போட்டேன். அது பயந்து, முட்டைய விட்டுட்டுப் போயிடுச்சு." ஒருவர் தன் போனை அணைத்துப் பைக்குள் வைத்தார். நடக்க ஆரம்பித்தோம்.

ஓடைத் திருப்பத்தில் நின்று, யாராவது பின்தங்கிவிட்டார்களா என்று தலைகளை எண்ணினேன். பத்து வந்தது. மறுபடி எண்ணினேன். கடைசியில், தலையைக் குனிந்தபடி, இவர் வந்துகொண்டிருந்தார்.