மூன்று சென்டிமீட்டர் பாதை

செம்மடுக்காடு
10.7.1995

அன்பு மச்சானுக்கு,

சபிஹாவின் சலாம். உங்கள் உடம்பு நல்லபடி இருக்க துஆ செய்கிறேன். இங்கே இர்ஃபானாவுக்கு இரண்டு நாள் சளி, இப்போது தேவலை. உங்கள் போட்டோவைக் காட்டினால் “அத்தா” என்கிறாள். தபால்காரரைப் பார்த்தாலும் அதையேதான் சொல்கிறாள். ஒரு மாதமாகக் கடிதம் போடாததற்கு இது உங்களுக்கு வேண்டும்.

எனக்கு உங்களால் ஒரு காரியம் ஆக வேண்டும். இந்த வருஷம் எனக்கு நாலாம் வகுப்பு. வரைபடம், அளவுத்திட்டம் என்று ஒரு பாடம். ‘ஒரு சென்டிமீட்டர் ஐம்பது கிலோமீட்டர்’ என்று படித்துக் காட்டினேன். இருபத்தாறு பிள்ளைகளும் ராகம் போட்டுத் திருப்பிச் சொன்னார்கள். ஒருவருக்கும் புரியவில்லை. ஊரை வரையச் சொன்னால் துரைராசு தன் ஆட்டைப் பள்ளிக்கூடத்தைவிடப் பெரிதாக வரைந்திருக்கிறான். “ஏன்டா?” என்றால், “அது எங்க ஆடு டீச்சர்” என்கிறான். தெற்குத் தெரு வீரையன் மகள் பூவிழி, “சின்னதா வரைஞ்சா ஊரு சுருங்கிப் போவாதா டீச்சர்?” என்று கவலையோடு கேட்டாள்.

பெரிய வாத்தியார் “பரீட்சையில வராது, விட்டுட்டுப் போங்கம்மா” என்கிறார். விட எனக்கு மனசில்லை. இதில் பாதிப் பிள்ளைகள் நாளைக்குத் திருப்பூருக்கோ நீங்கள் இருக்கும் சவூதிக்கோ பிழைக்கப் போகிறவர்கள். எவ்வளவு தூரம் போகிறோம் என்றாவது தெரிந்து போகட்டும். நீங்கள் சர்வே வேலையில் தினமும் பிளானோடு புழங்குகிறவர். ஒன்பது வயதுக்கு இதை எப்படிச் சொல்வது?

உங்கள்
சபிஹா

தம்மாம்
27.7.1995

அன்புள்ள சபிஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தபால்காரர் விஷயத்தைப் படித்து அறையில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனி மாதம் இரண்டு கடிதம் உண்டு.

நான் பெரிய சர்வேயர் இல்லை. என்ஜினீயர் தூரக்கண்ணாடியில் பார்ப்பார், எதிரே வெயிலில் அளவுக் கம்பைப் பிடித்து நிற்பவன் நான். ஆனாலும் நீ கேட்டுவிட்டாய். புத்தகத்தை மூடி வை. கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடு. ஒரு கட்டத்துக்குப் பத்துக் காலடி. பிள்ளைகளே நடந்து எண்ணி வரையட்டும். ஆளுக்கொரு காலடி வைத்தால் சண்டை வரும். ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, அதன் காலடிதான் ஊர்க் காலடி என்று முடிவு செய்துவிடு.

பிள்ளையின் காலடி அரை மீட்டர் என்று வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சென்டிமீட்டர்க் கட்டம் ஐந்து மீட்டர். அதே அளவில் நான் இருக்கும் இடத்தையும் வரைய வேண்டுமென்றால் தாள் ஏழு கிலோமீட்டர் நீளம் வேண்டும். நம் ஊரிலிருந்து பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விரிக்கலாம். நீ ஒரு முனையில், நான் மறுமுனையில். பிள்ளைகளிடம் இதைச் சொல்.

உன்
உபைதுல்லா

செம்மடுக்காடு
19.8.1995

அன்பு மச்சானுக்கு,

சலாம். நீங்கள் சொன்ன வழி பலித்துவிட்டது. பூவிழியின் காலடிதான் ஊர்க் காலடி. அவள் ராணி மாதிரி முன்னால் நடக்க, மற்றவர்கள் பின்னால் எண்ணிக்கொண்டே வருவார்கள். துரைராசு தானாகவே ஆட்டை அழித்தான். “கால் கட்டம்கூட வராது டீச்சர்” என்று ஒரு புள்ளி வைத்துப் பக்கத்தில் அதன் பெயரை எழுதினான்.

அந்தச் சந்தோஷத்தில் வி.ஏ.ஓ.விடம் கிராம வரைபடத்தின் நகல் வாங்கி வந்தேன். அதில் ஒரு சென்டிமீட்டர் ஐம்பது மீட்டர். தெற்குத் தெருவிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு வண்டிப்பாதை நேராக வருகிறது. பிள்ளைகள் ஸ்கேல் வைத்தார்கள். மூன்று சென்டிமீட்டர். நூற்றைம்பது மீட்டர், முந்நூறு காலடி, முப்பது கட்டம். ஆனால் அவர்கள் நடந்து வரைந்த படத்தில் வாய்க்கால் கரையைச் சுற்றி நூற்றுப்பத்துக் கட்டம் வருகிறது. பூவிழி எழுந்து, “மேப்பு தப்பா, நாங்க தப்பா டீச்சர்?” என்றாள்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் கயிற்றோடு போய் அளந்தேன். அந்தப் பாதை இருக்க வேண்டிய இடத்தில் நம் தென்னந்தோப்பு வேலி நிற்கிறது, மச்சான். பாதை பன்னிரண்டடி அகலம். அதன்மேல் நம் தென்னங்கன்று ஒன்பது.

வீரையனிடம் கேட்டேன். “வேலி போடறப்பவே கேட்டோம்மா. பத்திரத்துல இருக்குன்னு பெரியவரு சொன்னாங்க. நாங்க என்னத்தைக் கண்டோம்” என்றார். பெரியவர் என்றது பெரிய மச்சானை, உங்கள் அண்ணனை. போன ஐப்பசியில் அவருடைய சின்ன மகன் கரை வழுக்கி வாய்க்காலில் விழுந்து, தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார்களாம். அதற்கப்புறம் மழைக்காலத்தில் அந்தத் தெருப் பிள்ளைகள் வருவதே இல்லை. அது சோம்பல் என்றல்லவா வருகைப் பதிவேட்டைப் பார்த்து நான் திட்டிக்கொண்டிருந்தேன்!

வேலி போட்டபோது நான் பிரசவத்துக்கு அதிராம்பட்டினத்தில் இருந்தேன். உங்களுக்கு இது தெரியுமா?

சபிஹா

தம்மாம்
6.9.1995

சபிஹாவுக்கு,

சலாம். நீ நேராகக் கேட்டாய். தெரியும். தோப்பு வாங்கியபோது ‘ஓரமாக வண்டிப்பாதை போகிறது, சேர்த்து அடைத்துவிடவா’ என்று காக்கா எழுதிக் கேட்டார். ‘அடையுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை’ என்று நான்தான் பதில் எழுதினேன்.

ஆனால் நீ இதில் இறங்காதே. அத்தா மவுத்தாகிப் போன பிறகு என்னை ஆளாக்கிய அண்ணன் ஜெய்னுலாபுதீன் காக்கா. ஊரார் முன்னால் அவர் தலை குனியக் கூடாது. பிள்ளைகளிடம் பழைய மேப்பு என்று ஏதாவது சொல்லிவிடு. படத்தைச் சுருட்டி அலமாரியில் வை. ரமலானுக்கு நான் வரும்போது பேசித் தீர்க்கிறேன். இது என் வார்த்தை.

உபைதுல்லா

செம்மடுக்காடு
4.10.1995

அன்பு மச்சானுக்கு,

சலாம். ரமலான் வருவதற்குள் ஐப்பசி வந்துவிடும். அதனால் உங்கள் வார்த்தைக்காக என்னால் காத்திருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீரையனோடு நாலு ஆளை வைத்து வேலியைப் பன்னிரண்டடி உள்ளே தள்ளிப் போட்டுவிட்டேன். கன்றுகளை வேரோடு பெயர்த்து உள்ளே நட்டோம். ஒன்பதில் நாலு பிழைத்தால் அதிகம். பாதி வேலையில் பெரிய மச்சான் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“யாரைக் கேட்டும்மா வேலியில கை வச்சே?”

“யாரையும் கேக்கல மச்சான்.”

“என் தம்பி பாலைவனத்துல காய்ஞ்சு சம்பாதிச்ச தோப்பு இது!”

“பத்திரம் என் பேர்ல இருக்கு. அதுல இந்தப் பாதை இல்ல. வாங்க, காட்டுறேன்.”

அவர் பத்திரத்தைப் பார்க்கவில்லை. “நாலு புள்ளைங்க நோட்டுல கோடு போட்டா அது சட்டமா?” என்று வீரையனைப் பார்த்து ஓங்கிக் கேட்டார். வீரையன் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார். அந்தக் கடப்பாரையை எடுத்து அடுத்த குழியை நானே தோண்டினேன். கொஞ்ச நேரம் கழித்து வீரையன் வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பெரிய மச்சான் போய்விட்டார். என்னோடு பேச்சில்லை. வீட்டுக்கு யாரும் வருவதில்லை.

பூஜை லீவு முடிந்து இன்று காலை பிள்ளைகள் அந்த வழியாக வந்தார்கள். பூவிழி எண்ணி முந்நூற்று இரண்டு காலடி என்றாள். அந்த இரண்டு எப்படிக் கூடியது என்று வகுப்பில் ஒரே சண்டை. மேப்பும் சரி, நீங்களும் சரி என்று சொன்னேன். வேலி போட்டது யாரென்று ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை. டீச்சர் மனசு நோகும் என்று ஒன்பது வயதுக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கோபமிருந்தால் கோபத்தையே எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

உங்கள்
சபிஹா

தம்மாம்
24.11.1995

அன்புள்ள சபிஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் கிடைத்து ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை. கோபம்தான். எழுத உட்கார்ந்து நாலு கடிதம் கிழித்தேன். காக்காவும் போனில் இரண்டு முறை கத்தினார். நானும் உன்னைப் பற்றி அவரிடம் சொல்லக் கூடாததெல்லாம் சொன்னேன். அதை நீ மன்னிக்க வேண்டும்.

போன வாரம் ஒரு சுவர் எல்லைக் கோட்டைத் தாண்டி ஒரு சாண் தள்ளிக் கட்டப்பட்டிருந்தது. கம்பைப் பிடித்தவன் நான். என்ஜினீயர் முழுச் சுவரையும் இடிக்கச் சொன்னார். நானும் கூட நின்று இடித்தேன். சரியாகத்தான் சொன்னார் என்று தோன்றியது. இடிக்க இடிக்க நம் வேலிதான் கண்ணில் நின்றது.

ஊரில் மழை பலமாமே. பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கூடம் வருகிறார்களா? எழுது.

காக்காவுக்கு நேற்றே தனியாக எழுதிவிட்டேன். அவர் உன்னோடு பேச நாளாகும். பேசாமலும் போகலாம். அதை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன், நீ அவர் வாசலில் போய் நிற்க வேண்டாம்.

ஒன்று மட்டும் செய். பிள்ளைகள் கேட்காவிட்டாலும் நீயே சொல்லிவிடு. காக்கா பெயரைச் சொல்லாதே. பாதையை அடைக்கச் சொன்னது உபைதுல்லா என்று சொல்.

உன்
உபைதுல்லா