ஆர்கன் மரத்தில் கட்டிய ஆடு

ஜூலை 2

சித்தப்பா பிஹி இன்று சாலையோரத்து ஆர்கன் மரத்தில் பலகை அடித்துக்கொண்டிருந்தார். ஆடுகள் நிற்பதற்காம். தானாக ஏறும் ஆட்டுக்கு மரத்தில் மேடை கட்டும் மேதை எங்கள் குடும்பத்தில்தான் பிறக்க வேண்டுமா? ஆடு பழம் தின்னும், இறங்கிவிடும். படம் எடுத்துக் காசு தரும் சுற்றுலாப் பயணிகளின் பேருந்துக்காகக் காத்து நிற்காது. அதற்குத்தான் கயிறு.

ஜூலை 5

இன்று மரங்களை அடைத்துவிட்டார்கள். எண்ணெய்க்கான பழம் தானாக உதிர்ந்து, ஊர்ச்சபை திறந்துவிடும்வரை யாரும் பறிக்கக் கூடாது, ஆடும் ஏறக் கூடாது. ஏறினால் அந்த ஆடு சபையின் சட்டிக்குப் போகும். ஆட்டுக்காரரே சமைத்தும் போட வேண்டும்.

சபை கூடிய இடத்துச் சுவருக்கு இந்தப்பக்கம் நின்று ஒட்டுக்கேட்டேன்.

"என் ஆடு திங்காதுங்க, சும்மா நிக்கும். வேணும்னா வாய்க்கு மூடி போட்டுடறேன்," என்றார் சித்தப்பா.

"மூடிய படம் எடுக்கவா அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றாங்க?" என்றார் மரக்காவலர் அப்லா.

எல்லாரும் சிரித்தார்கள். சபைத் தலைவர் முடியாது என்றுவிட்டார்.

ஜூலை 11

காலையிலிருந்து வெள்ளையைக் காணோம். அப்பா காசாபிளாங்கா நகரத்துக் கடை வேலைக்குப் போகுமுன் எனக்கென்று விட்டுப்போன ஆடு. சினையாக இருக்கிறது. தேடிப் போனால் மரத்தின்மேல், வெயிலில், கயிற்றோடு! சித்தப்பாவின் ஆடுகளோ பத்திரமாகப் பட்டியில்.

"உன்னுதுதான் படத்துல பளிச்சுன்னு விழுது, மகளே," என்றார்.

பிடிபட்டால் என் ஆடு போகட்டும். அதுதானே அவர் கணக்கு? ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கே புரிகிறது. ஆனால் வாய் வரவில்லை. மரம்போல் நின்றேன். ஒரு வெளிநாட்டுக்காரி என்னையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டாள்.

"கேட்டியா அவர?" என்றாள் அம்மா.

"இல்ல."

"ஊமைக்கு ஆடு எதுக்குடி, இஜ்ஜா?"

ஜூலை 12

இன்றும் போனேன். இன்றும் பேசாமல் வந்தேன். சித்தப்பாவை மட்டும் ஏசி என்ன பயன்?

ஜூலை 14

அப்லா பிடித்துவிட்டார். வெள்ளை அவர் வீட்டு முற்றத்தில் கட்டிக் கிடக்கிறது.

"அது இஜ்ஜாவோட ஆடு. தானா ஏறியிருக்கும். நாளைக்குச் சபையில அவளையே கேளுங்களேன்," என்றாராம் சித்தப்பா.

நான் பேச மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். என் வெட்கத்தையும் ஒரு பலகையாக அடித்து அதன்மேல் ஏறி நிற்கிறார், மனுஷன்!

ஜூலை 15

சபைக்குப் போனேன். பாய் நிறைய ஆண்கள், கையில் தேநீர்.

"ஆடு உன்னுதாம்மா?" என்றார் தலைவர்.

"ஆமா."

"அவ்வளவுதான், முடிஞ்சுது," என்று சித்தப்பா எழுந்தே விட்டார். அந்த அவசரம்தான் எனக்கு வாயைக் கொடுத்தது.

"ஆடு என்னுது. பலகையும் கயிறும் யாருது?"

என் குரல் ஆட்டின் குரல்போலத்தான் வந்தது. வரட்டும்.

"பிஹி, ஆடு தன் கழுத்துல தானே கயிறு கட்டிக்கிட்டா ஏறிச்சு?" என்றார் அப்லா.

"இது குடும்ப விஷயம்ங்க…"

"மரம் ஊரோடது. ஏத்திவிட்டவன்தான் ஆட்டுக்காரன். உன் பட்டியிலேர்ந்து ஒண்ணு கொண்டா," என்றார் தலைவர்.

வெள்ளையை நானே அவிழ்த்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 18

சித்தப்பாவின் கொழுத்த கிடா இன்று வெந்தது. சித்திக்கு உதவியாக அம்மாவும் நானும் கோதுமை ரவையில் கூஸ்கூஸ் உருட்டினோம். சபையார் ஒவ்வொருவர் கையிலும் கழுவத் தண்ணீர் ஊற்றி, முதல் தட்டையும் வைத்துவிட்டுச் சித்தப்பா அடுக்களை வாசலுக்கு வந்தார்.

"உப்பு பத்தலையாம்," என்றார் சுவரைப் பார்த்து.

"போட்டது நான்தான். வேணும்னா என்கிட்டயே வந்து கேக்கச் சொல்லுங்க," என்றேன்.

சித்தி அடுத்த தட்டில் அள்ளுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். யாரும் வந்து கேட்கவில்லை.