எண்பத்தேழாம் நம்பர் போன்

ஜூன் 3, செவ்வாய்

தீபக் திருடுகிறான். பழைய போனைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்க வரும் பெண்களின் படங்களை, போனில் உள்ளதை அழிப்பதற்கு முன்னால் தன்னுடைய பென்டிரைவில் ஏற்றிக்கொள்கிறான். சந்தேகமெல்லாம் இல்லை. இன்று கண்ணால் பார்த்தேன். காலேஜ் பெண் ஒருத்தி கவுன்ட்டரை விட்டுப் போய் இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"என்னடா பண்ற?"

"டிஸ்ப்ளே செக் பண்றேன்."

"டிஸ்ப்ளேவுக்கு எதுக்குடா கேபிளு?"

சிரித்தான். "உன்ற பிரசங்கத்த ஞாயித்துக்கிழம சர்ச்சுல வெச்சுக்க ஜெரோமு."

முதலாளி பொங்கியண்ணனிடம் போய்ச் சொன்னேன். "அப்படிங்களா தம்பி? பாத்துக்கலாம்" என்றார். காந்திபுரத்தில் இந்தக் கடையில் மூன்று வருஷம் இருந்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். "பாத்துக்கலாம்" என்றால் வாயை மூடிக்கொண்டு போ என்று பொருள்.

நாளை முதல் எனக்கு ஒரு விதி. போன்காரர் நிற்கும்போதே, அவர் கண் முன்னாலேயே அழிப்பேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டேன்.

ஜூன் 5, வியாழன்

சுற்றுச்சூழல் தினமாம். வாசலில் பச்சை பலூன். "பழைய போனைக் கொடுங்கள், பணத்தை மிச்சப்படுத்துங்கள், பூமியைக் காப்பாற்றுங்கள்." முதல் இரண்டும் உண்மைதான். மூன்றாவதைப் பற்றி, மூட்டை கட்டி வண்டியில் ஏற்றுகிற என்னைக் கேட்க வேண்டும். நல்ல போனைத் துடைத்து விற்கிறோம். உடைந்ததை எடை போட்டு எவனுக்கோ கொடுக்கிறோம். மறுசுழற்சிச் சான்றிதழ் மட்டும் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மாலை.

ஞாயிற்றுக்கிழமை கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு நூல் மில்லில் எக்ஸ்சேஞ்ச் முகாம். மில்காரர் எங்கள் முதலாளிக்குச் சம்பந்தி. "அழிக்கற வேலைய நீயே பாத்துக்க தம்பி, உனக்குத்தான் அதுல அக்கறை" என்றார் முதலாளி. மூன்று வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு.

ஜூன் 8, ஞாயிறு

மில் கேன்டீனில் முகாம். எட்டு மணியிலிருந்து நான்கு மணிவரை நூற்று நாற்பது போன். தீபக் விலை சொன்னான், நான் அழித்தேன். நம்பர் ஸ்டிக்கர் ஒட்டு, சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி அவர்கள் கையில் கொடு, திரையை அவர்கள் பக்கம் திருப்பு, அழுத்து. "பாருங்க, உங்க கண்ணு முன்னாலயே போயிருச்சு. இனி எவனும் எடுக்க முடியாதுங்க." அதைக் கேட்டதும் சில பெண்களின் முகம் தெளிந்ததைப் பார்த்தேன்.

மில் மேனேஜர் வந்து பின்னால் நின்றார். "இங்கயே அழிச்சுருங்க தம்பி. பொம்பளப் புள்ளைக போட்டோ கீட்டோ இருக்கும். நமக்கு அதுதானுங்க முக்கியம்." பரவாயில்லையே, நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

"தம்பிக்கு எந்த ஊருங்க?"

"ஆனைமலைங்க."

"ஆனைமலைல எங்கீங்க?"

இந்தக் கேள்வி எதற்கு என்று பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்குத் தெரியும். தெருவைச் சொன்னேன். "சரிங்க, சரிங்க" என்றார். பேச்சில் மரியாதை இம்மியும் குறையவில்லை. டீ வந்தபோது தீபக்குக்கு எவர்சில்வர் டம்ளர், எனக்குக் காகிதக் கப்.

மத்தியானம் ஒரு பெண் வந்தாள். பெயர் இனியா, நூல் சுற்றும் பிரிவு. திரை நொறுங்கி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய போன். நம்பர் 87.

"ஏனுங்கண்ணா, இந்த கார்டை எடுத்துக்கிட்டாப் போதுமுங்களா?"

"கார்டுல இருக்கறது உங்ககிட்டயேதாங்க இருக்கும்."

"எல்லாம் அதுலதானுங்க இருக்கு."

கார்டைக் கைக்குட்டை நுனியில் முடிந்துகொண்டாள். அழித்துக் காட்டினேன். "ரொம்ப நன்றிங்கண்ணா" என்றாள்.

திருப்தியான நாள். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

ஜூன் 9, திங்கள்

முதுகு வலி. தீபக் என்னோடு பேசுவதில்லை. நல்லது.

ஜூன் 17, செவ்வாய்

அந்த இனியா கடைக்கு வந்தாள். கார்டை எடுத்துக் கவுன்ட்டர் கண்ணாடி மேல் வைத்தாள்.

"இதுல இல்லைங்க."

"என்ன இல்லைங்க?"

"வீடியோ."

அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். அம்மா மாசாணியம்மாளுக்கு அதே மில்லில் பஞ்சு சீவும் மெஷினில் வேலை. மார்ச் மாதம் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. அந்த மெஷினுக்குப் பாதுகாப்பு மூடி பல மாதமாகவே மாட்டுவதில்லை. மூடி இருந்தால் அடைப்பு எடுக்க நேரமாகும், உற்பத்தி குறையும் என்று கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். விபத்து நடந்த அன்று சாயங்காலம் இனியா உள்ளே போய் வீடியோ எடுத்திருக்கிறாள். மூடி இல்லாத மெஷின். சுவரோரம் மூடி. அதன்மேல் விரல் தடிமனுக்குப் பஞ்சுத் தூசி. மறுநாள் மூடியை மாட்டிவிட்டார்கள். இப்போது மில் சொல்வது என்னவென்றால், மூடி எப்போதும் இருந்தது, மாசாணியம்மாளே கழற்றிவிட்டுக் கையை உள்ளே விட்டார். ஜூலை இரண்டாம் தேதி தொழிற்சாலை ஆய்வு அதிகாரியின் விசாரணை. அந்த வீடியோவைத் தவிர அவர்களிடம் வேறு ஒன்றும் கிடையாது. கூட வேலை செய்கிறவர்கள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

"யாருக்காச்சும் அனுப்புனீங்களா?"

"இல்லைங்க. அனுப்புனா எப்படியும் மில்லுக்குப் போயிரும்னு பயம்."

"கூகுள்ல ஏறியிருக்குமே?"

"நெட்டு தீந்துருதுன்னு அதையெல்லாம் நிறுத்திப்போட்டேனுங்க."

"அப்பறம் எதுக்குங்க போனைக் குடுத்தீங்க?" கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது.

அவள் கத்தவில்லை. "ஒரு நாளைக்கு நாலு தடவ அணைஞ்சு போயிருமுங்க. விசாரணைக்குள்ள செத்துப்போயிருமோன்னுதான் மாத்துனேன். புதுசுல கார்டைப் போட்டுக் காட்டிக்கலாம்னு இருந்தேன்."

கார்டில் இருந்தது எப்போதோ யாரோ ஏற்றிக் கொடுத்த பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டின் படமும் கோவில் திருவிழாப் படங்களும்.

கேமராவில் எடுப்பது போனுக்குள்தான் போகும். கார்டுக்குப் போக வேண்டும் என்றால் நாம்தான் மாற்றி வைக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இது தெரியாது என்பதும் தெரியும். கடையில் ஒவ்வொருவரிடமும் "கேலரியத் திறங்க, எது எங்க இருக்குன்னு பாத்துக்கலாம்" என்று சொல்கிறவன் நான். அன்றைக்குச் சொல்லவில்லை. வரிசை நீளம். "எல்லாம் அதுலதானுங்க இருக்கு" என்று அவள் சொன்னது காதில் விழவில்லையா? விழுந்துச்சு. நல்லா விழுந்துச்சு. கேட்டுப்போட்டுத்தான் அழுத்துனேன்.

"திரும்ப எடுக்க முடியுமுங்களா?"

முடியாது. அழித்ததும் போனுக்குள் இருக்கும் பூட்டின் சாவியே அழிந்துவிடும். அதற்கப்புறம் எவன் வந்தாலும் திறக்க முடியாது. அதைத்தானே நூற்று நாற்பது பேரிடம் பெருமையாகச் சொன்னேன்.

"பாக்கலாங்க" என்றேன். நானும் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

ஜூன் 18, புதன்

தீபக்கிடம் போய் நின்றேன்.

"மில்லுல அன்னைக்கு... ரப்பர் பேண்ட் போட்ட போனு. அதுல இருந்து ஏதாச்சும் எடுத்தியா?"

ஏற இறங்கப் பார்த்தான். "எடுத்தா முதலாளிகிட்டச் சொல்லுவ. எடுக்கலீன்னா மூஞ்சியத் தொங்கப் போடுவ. உனக்கு என்னதான்டா வேணும்?"

"எடுத்தியா இல்லியா?"

"எங்கடா உட்ட? மாமியா மாதிரி குறுக்க உக்காந்து ஒண்ணொண்ணா நீதான அழிச்ச?"

அவன் திருடியிருக்க வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டேன். அன்று ஒரு நாள் மட்டும் அவன் திருடவில்லை.

ஜூன் 20, வெள்ளி

லீவு போட்டுவிட்டு, எங்கள் உடைந்த போன்கள் போய்ச் சேரும் கிடங்குக்குப் போனேன். பயன் இல்லை என்று தெரிந்தேதான் போனேன். ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை. ஏழெட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்து திருப்புளியால் போன்களைப் பிளந்துகொண்டிருந்தார்கள். கையுறை இல்லை. கொட்டகைக்குப் பின்னால் கேஸ் அடுப்பில் தகட்டை வைத்து, அதன்மேல் போர்டுகளைச் சுட்டு அதிலுள்ள பாகங்களைப் பிடுங்குகிறார்கள். அந்தப் புகையில் ஐந்து நிமிஷம் நின்றதற்கே தொண்டை எரிந்தது. அவர்கள் அங்கேயேதான் சோறு சாப்பிடுகிறார்கள். பூமியைக் காப்பாற்றும் இடம் இதுதான்.

87 ஸ்டிக்கரைத் தேடினேன். ஒரு அம்மா குவியலைக் கிளறி எடுத்துக் கொடுத்தார். வெறும் கூடு. உள்ளே ஒன்றும் இல்லை.

"இதுக்கா தம்பி வந்தீங்க?"

ஆமாங்க என்றேன்.

"பொண்டாட்டி போனுங்களா?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. கருமத்தம்பட்டிக்குப் போனேன். லைன் வீடு, ஒரே அறை. இனியா வாசலில் நின்றுகொண்டு உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. அவள் அம்மாதான் சொன்னார்.

"ஊட்டுக்குள்ள வாங்க கண்ணு. ஏன் வெயில்ல நிக்கறீங்க?"

திரும்ப எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். பையில் இருந்த கூட்டைக் காட்டவில்லை.

மாசாணியம்மாள் சேலைத் தலைப்பை எடுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டார். "கையே போயிருச்சு, போன் போனா என்ன? உடுங்க சாமி. நீங்க நல்லதுக்குத்தான செஞ்சீங்க."

"அம்மா, நீ சும்மா இரு" என்றாள் இனியா. பிறகு என்னைப் பார்த்து, "கார்டு சமாச்சாரம் எனக்குத் தெரியாதுங்க. பாவம், எங்கம்மாவுக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல? உங்களுக்குத் தெரியும்."



மில்லிலிருந்து ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். "மூடியை நானே கழற்றினேன், தவறு என்னுடையது." இதில் கையெழுத்துப் போட்டால் அம்மாவுக்குக் கூட்டிப் பெருக்குகிற வேலை, இனியாவின் வேலையும் தங்கும். போடாமல் விசாரணையில் தோற்றால் இரண்டும் கிடையாது. அந்த மெஷினில் இப்போது யார் என்று கேட்டேன். ஒடிசாவிலிருந்து வந்த பெண்ணாம். பத்தொன்பது வயசு.

விசாரணைக்கு நான் வருகிறேன், நடந்ததைச் சொல்கிறேன் என்றேன். மாசாணியம்மாள், "ஒத்தக் கையில வெச்ச டீ, ருசியா இருக்குமுங்க, குடிங்க" என்று டம்ளரை நீட்டினார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 25, புதன்

முதலாளிக்கு விஷயம் போய்விட்டது. தீபக்தான் சொல்லியிருப்பான்.

"தம்பி, விசாரணைக்கெல்லாம் போறீங்களாமா?"

"ஆமாங்க."

"நமக்கு அது சம்பந்தமில்லாத விஷயமுங்களே."

"நானேதாங்க அழிச்சேன். எப்படி சம்பந்தமில்லாமப் போகும்?"

கோபமே வரவில்லை அவருக்கு. "நாம தப்பு ஒண்ணும் செய்யலீயே. போன் வாங்குனா அழிக்கணும், அதான முறை? மில்லுலயே சொல்லி உட்டாங்க, அங்கயே வெச்சு அழிச்சுரணும், கடைக்குக் கொண்டுபோகப்படாதுன்னு. நேர்மையான பையனா ஒருத்தன அனுப்புங்கன்னும் சொன்னாங்க. நான் உன்ற பேரைத்தான் சொன்னேன்."

நேர்மையான பையன்.

அப்படியென்றால் அந்த வீடியோ இருப்பது அவர்களுக்குத் தெரியுமா? ஒரு போனுக்காக நூற்று நாற்பது பேருக்கு முகாம் வைப்பார்களா? இல்லை, நான்தான் முடிச்சுப் போடுகிறேனா? தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. தீபக்கை அழிக்கிற நாற்காலியில் உட்கார வைக்கவில்லை, என்னை உட்கார வைத்தார்கள். அது மட்டும் நிச்சயம்.

"போறதுன்னா போயிட்டு வாங்க தம்பி. அப்படியே ஊர்லயே இருந்துக்குங்க" என்றார். வேலை போய்விட்டது. இதைவிட மரியாதையாக ஒருத்தனை வெளியே அனுப்ப முடியாது.

ஜூலை 1, செவ்வாய்

இனியா கூப்பிட்டாள். "நாளைக்கு வாரீங்கள்லங்க?" வாரேன் என்றேன்.

ஜூலை 2, புதன்

விசாரணை மில்லிலேயே நடந்தது. ஏசி ஹால். அதிகாரி, மேனேஜர், அம்மாவும் மகளும், நான்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். எந்தத் தேதி, எந்த நம்பர், எப்படி அழித்தேன் என்று. அதிகாரி எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"வீடியோவ நீங்க பாத்தீங்களா?"

"இல்லைங்க. நான் யாரு போனையும் பாக்கறதில்லைங்க."

"பாக்காம, அதுல மெஷின் இருந்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"இந்தப் பொண்ணு சொன்னாங்க."

"அப்ப அது அவங்க சாட்சிதானே தம்பி? உங்க சாட்சி எங்க?"

எழுதியதன்மேல் ஒரு கோடு இழுத்தார்.

மெஷினைப் பார்க்கப் போனோம். நாங்கள் வருவதற்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த ஒடிசாப் பெண் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மெஷின் முழுக்கச் சாம்பல் நிறத்தில் பஞ்சு அப்பிக் கிடக்கிறது. மூடி மட்டும் மஞ்சள் பெயின்ட் மினுமினுக்க இருக்கிறது. போல்ட்டுகள் பளபளக்கின்றன. அதிகாரி தட்டிப் பார்த்தார். "கெட்டியாத்தான் இருக்கு" என்றார்.

திரும்ப ஹால். மேஜை மேல் அந்தத் தாள். மாசாணியம்மாளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். பதினோரு வருஷம் இந்த மில் சம்பள ரெஜிஸ்டரில் போட்டிருக்கிறார். இப்போது போட அந்தக் கை இல்லை. மேனேஜரே மைப் பெட்டியைத் திறந்து நீட்டினார். "இந்தக் கையில வெச்சாப் போதுமுங்கம்மா."

மாசாணியம்மாள் மகளைப் பார்த்தார். இனியா தரையைப் பார்த்தாள். என் பக்கம் யாரும் திரும்பவில்லை. இடது கட்டை விரலை வைத்தார். துடைத்துக்கொள்ள இன்னொரு கை இல்லாமல் விரலை அப்படியே தூக்கிப் பிடித்திருந்தார். இனியாதான் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள்.

நான் எழுந்துவிட்டேன்.

"அந்த மூடிய எப்பங்க மாட்டுனீங்க?"

அதிகாரி ஃபைலைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"போல்ட் அத்தனையும் புதுசா இருக்குதுங்க. எந்த மாசம் வாங்குனீங்க, எந்தத் தேதியில மாட்டுனீங்க? பில்லு இருக்குமில்ல, எடுத்துக் காட்டுங்க."

கட்டி முடித்துவிட்டார்.

"மேனேஜர் சார், உங்களத்தான் கேக்கறேன். தேதியச் சொல்லுங்க."

மேனேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"சாப்பாடு சொல்லியிருக்கேனுங்க" என்றார்.