தேங்காய் நின்ற இடம்

என் அன்பு ஸ்டெல்லாவுக்கு,

கல்லறைத் திருநாளன்று உன் அம்மாவோடு வந்திருந்தேன். சாமந்திப் பூவைப் பரப்பி மெழுகுவர்த்தி ஏற்றினோம். மலைக்காற்று சுடரை அணைத்துக்கொண்டே இருந்தது. அம்மா சேலைத் தலைப்பால் மறைத்தபடி நின்றார்கள். சுற்றிலும் எல்லாரும் தங்கள் மனிதர்களிடம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் உன்னிடம் பேச வாய் வரவில்லை.

என்னிடம்கூடவா என்று கேட்பாய். அதனால்தான் எழுதுகிறேன். நம் ஏற்பாடே அதுதானே?

எம்.ஏ. பொருளாதாரம் முழுவதையும் அப்படித்தான் ஓட்டினோம். கருத்தரங்கக் கட்டுரையை நான் எழுதுவேன், மேடையேறி நீ பேசுவாய். "தங்கச்சி எழுதியிருக்கா, அக்கா பேசறேன்" என்றுதான் தொடங்குவாய். சில மாதம் மூத்தவள், அவ்வளவுதான். "ஒரே ஒருக்கா அக்கான்னு கூப்பிடுடி, கொறஞ்சா போயிருவ?" என்று எத்தனை கெஞ்சல்! நான் கூப்பிடவே இல்லை.

இப்போது திருச்செங்கோட்டில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன், தெரியுமா? எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள், அங்கேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டாள் என்று எருமப்பட்டியில் அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். கொடுத்திருப்பது நமக்குப் பிடித்த பாடம்தான். ஏழை நாடுகள் ஏன் ஏழையாகவே இருக்கின்றன, எப்படி மேலே வரும் என்று அறிஞர்கள் மாற்றி மாற்றி யோசித்த கதை.

ஆனால் நான் வாயைத் திறந்தால் பின் பெஞ்சிலிருந்து "கேக்கல மிஸ்!" என்று குரல் வரும். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுத ஆரம்பித்துவிடுவேன். மதியம் ஆசிரியர் அறையில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். நான் ஜன்னலோரம், பக்கத்து நாற்காலியில் பையை வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுவேன். ஏன் அந்தப் பை? யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதென்றா, யாரும் உட்காரவில்லை என்பது தெரியக் கூடாதென்றா?

போன வாரம் துறைத் தலைவர் கூப்பிட்டார். "பசங்க கம்ப்ளெய்ன்ட் பண்றாங்கம்மா. திங்கக்கெழம நான் வந்து பின்னால உக்காந்து பாக்கறேன். செட் ஆகலீன்னா ஆபீஸ் வேலைக்கு மாத்திக்கலாம், சங்கடப்படாதீங்க" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் அலுவலகத்துக்குப் போய்விட்டால் இந்தப் பாடம் என் கையை விட்டுப் போய்விடும். நாம் சேர்ந்து செய்ததில் எனக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

அந்தப் பயத்தைத்தான் கல்லறையில் உன் அம்மாவிடம் சொன்னேன். அம்மா மெழுகுவர்த்தியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அவ பேசினதுல பாதி உன் பேச்சுதானேம்மா. ஒம்பாதி ஒங்கிட்டதான இருக்கு?" என்றார்கள்.

அதைக் கேட்டதும் அந்த நாள் நினைவுக்கு வந்தது. எங்கள் வெள்ளாமைக் காட்டில் ஆழ்குழாய்ப் போர் போட்ட அன்று நீ வந்திருந்தாயே. நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடந்தார். ஓரிடத்தில் அது எழுந்து நின்றது. "இங்க போடுங்க" என்றார். நீ சும்மா இருப்பாயா? "ஒருக்கா குடுங்கண்ணா" என்று வாங்கிக்கொண்டு நடந்தாய். வேலியோரத்தில், அவர் ஒன்றுமில்லை என்று தள்ளிய இடத்தில், உன் கையில் நின்றது.

"ஏனுங்க, டவுன் புள்ளை கையிலயும் நிக்குதுங்களே! இனி உங்க பொழப்பு என்னாகறது?" என்று அப்பா அவரைச் சீண்டினார்.

அவர் சொன்ன இடத்தில் வெறும் புழுதிதான் கிளம்பியது. அப்பா முகம் செத்துப்போய், கடைசியில் துளை போடும் ரிக் லாரியை வேலியோரம் நகர்த்தச் சொன்னார். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. நீ சுடிதாரோடு நனைந்து ஆடினாய். வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்துக் காட்டுக் கருப்பண்ண மாமா கைதட்டிச் சிரித்தார்.

அடுத்த கருத்தரங்கில் என் கட்டுரையில் இல்லாத ஒரு வரியை நீயாகச் சேர்த்தாய். "ஏழை நாடுகளுக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒருத்தர் தேங்காயோடு வருகிறார்." அரங்கமே சிரித்தது.

திங்கட்கிழமை அந்த வரியில்தான் ஆரம்பித்தேன். எங்கள் காட்டில் தேங்காய் நின்ற கதையையும் சொன்னேன். பின் பெஞ்சு நிமிர்ந்தது. காலனி ஆட்சி முடிந்த புதிதில் தேங்காயோடு வந்தவர்கள், முதலீடு போதாததுதான் குறை என்றார்கள். அணை கட்டு, ஆலை கட்டு, மேலே சேரும் செல்வம் கீழே கசியும் என்றார்கள். அது கசியவில்லை. பருத்தியை மலிவாக விற்று இயந்திரத்தை அதிக விலைக்கு வாங்கும்வரை எழ முடியாது, உலக வியாபாரமே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்றார்கள் வேறு சிலர். முதலில் சோறும் குடிநீரும் பள்ளிக்கூடமும் கொடுங்கள் என்று ஒரு குரல். அரசாங்கம் விலகட்டும், சந்தை பார்த்துக்கொள்ளும் என்று அதன்மேல் இன்னொரு குரல். வருமானத்தை மட்டும் அளக்காதீர்கள், ஒரு மனுஷியால் தான் விரும்பும் வாழ்க்கையை வாழ முடிகிறதா என்று பாருங்கள் என்றவர்களும் வந்தார்கள். இப்போது சிலர் ஊர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொசுவலை கொடுத்து, மறுபாதிக்குக் கொடுக்காமல் வித்தியாசத்தை அளக்கிறார்கள்.

அங்கே என் குரல் நின்றுவிட்டது. நம்முடையவை வளர்ந்த மாவட்டங்கள் என்றுதானே எழுதுகிறார்கள்? இத்தனை ஆஸ்பத்திரி இருக்கும் சேலத்தில் நீ வெறும் கொசுக்கடிக் காய்ச்சலில் போனாய். உன் கொண்டப்பநாயக்கன்பட்டித் தெரு எந்தப் பாதியில் இருந்தது, ஸ்டெல்லா?

பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண்தான் என்னை மீட்டாள். "மிஸ், உங்க காட்டுல தண்ணி இன்னும் வருதுங்களா?"

உனக்குத் தெரியாத செய்தி இது. நம் போரில் தண்ணீர் வருகிறது. ஆனால் அடுத்த கோடையிலேயே கருப்பண்ண மாமாவின் கிணறு வற்றிவிட்டது. வெங்காயம் போட்ட காடு தரிசாகக் கிடக்கிறது. அவர் நூல்மில் பஸ்ஸில் ஏறி மில் வேலைக்குப் போகிறார். அப்பாவும் அவரும் பேசிக்கொள்வதில்லை.

இதை அப்படியே வகுப்பில் சொன்னேன். "எங்கள் வீட்டுக் கணக்கில் இது வளர்ச்சி. வேலிக்கு அந்தப் பக்கம் இதற்கு என்ன பெயர்? தேங்காய் எங்கே நிற்கிறது என்று எல்லாரும் பார்த்தோம். அடியில் இருக்கும் தண்ணீர் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை." கட்டுரையில் இல்லாத வரி. நீ சொல்லிக்கொடுக்காத வரி.

"பின்னால கேக்குதா?" என்றேன்.

"கேக்குதுங்க மிஸ்."

துறைத் தலைவர் எழுந்து வரும்போது, "மைக் வேணுமான்னு கேக்கலாம்னுதான் இருந்தேன். வேண்டாம் போல" என்று சொல்லிவிட்டுப் போனார். பாடம் என்னிடமே இருக்கிறது. ஓடிவந்து உன்னிடம் சொல்லத் திரும்பினேன். நடைகூடம் காலியாக இருந்தது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பொங்கலுக்குள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வேலியைத் தாண்டி மாமா வீட்டுக்குப் போவேன். ஒரு குழாய் அந்தப் பக்கமும் போகட்டும் என்று கேட்பேன். அப்பா ஒத்துக்கொள்வாரா, மாமா வாசலில் நிற்கவாவது விடுவாரா, தெரியாது. ஆனால் இந்த முறை எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள மாட்டேன். நானே பேசுவேன்.

கேக்குதா, அக்கா?

உன் தங்கச்சி,
பூங்கொடி