காதைத் தொடாத கை

9 ஜூலை 1968, செவ்வாய்

பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு மல்லிகாவையும் அவள் அம்மா ராணியையும் பெங்களூருக்கு அழைத்துப் போனேன். உயரம் வளராத பிள்ளைகளுக்காக நாங்கள் நடத்தும் சங்கத்தில் அவள்தான் முதல் பெயர். அப்பாவுக்கு மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட், வர முடியவில்லை. பள்ளிச் சான்றிதழில் வயது பதின்மூன்று. அதைத்தான் ஆஸ்பத்திரி விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பதின்மூன்று இல்லை, எலும்பின் வளரும் முனைகள் மூடிவிட்டன, இனி வளர ஊசி போட்டுப் பயனில்லை என்றார். நாலு வருஷம் முன்னால் வந்திருக்கலாமே என்றார்.

ராணி தலையைக் குனிந்துகொண்டாள். "பதினேழு ஆவுது சார்."

"இன்னாம்மா, முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றேன்.

"வாத்தியார் நீங்க எழுதின வயசாச்சே சார். அத்த மாத்திச் சொல்லலாமா?"

ஊசி எப்போது போடுவார்கள் என்று மல்லிகா ரயிலில் இரண்டு தடவை கேட்டாள்.

தலைக்கு மேல் கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயது. அப்படித்தான் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்தேன். இவளுக்கு எட்டவில்லை. அடுத்த வருஷம் வா, அடுத்த வருஷம் வா என்று நாலு வருஷம் திருப்பி அனுப்பினேன். தொட்ட அன்று யாரையும் கேட்காமல் பள்ளிப் பதிவேட்டில் ஐந்து என்று எழுதினேன்.

சங்கப் பட்டியலில் இன்னும் ஆறு பிள்ளைகள். எல்லார் வயதும் அதே பதிவேட்டில் பார்த்து எழுதியதுதான்.

தொட்ட அன்று மல்லிகா காதை விடாமல் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போதும், கையை இறக்கு என்றேன்.