செபமாலையின் மூன்றாவது சுற்று

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
14.10.2024, திங்கட்கிழமை

என் ராசா அஞ்சலோவுக்கு,

இங்கே நானும் உன் தங்கச்சி சுதர்ஷிகாவும் எழும்பி நடமாடுகிறோம். உன் சுகத்தை நான் கேட்கப் போவதில்லை. பேணாட் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

வெளிநாடு போகவென்று உன்னோடு ஒரே வள்ளத்தில் போய், அந்தத் தீவு முகாமில் அடைபட்டு உன் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன், ஊருக்கே திரும்பிப் போகிறேன் என்று கையெழுத்து வைத்துவிட்டு வந்து வியாழக்கிழமை என் முன்னால் இருந்தான். கொடுத்த தேத்தண்ணி ஆறும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுக்குப் பத்து நிமிடம் போன் கொடுக்கிறார்களாம், நீ வரிசைக்கே வருவதில்லையாம். சோற்றுத் தட்டை மற்றவனிடம் தள்ளிவிடுகிறாயாம். சப்பாத்தை ஒருவனுக்கும் மணிக்கூட்டை இன்னொருவனுக்கும் கொடுத்துவிட்டாயாம். “அவனுக்கு நல்ல மனசு அப்பம்மா” என்று வேறு சொன்னான்.

உன் அப்பா தன் சைக்கிளையும் புது வலையையும் ஆட்களுக்குக் கொடுத்த கிழமையும் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். என் மகனுக்கு எவ்வளவு நல்ல மனது என்று நானும் பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்தேன். உனக்கு அப்போது ஆறு வயது. அப்பா காய்ச்சலில் போனார் என்று உனக்குச் சொன்னது நான்தான். காய்ச்சல் இல்லை ராசா. இதை இவ்வளவு காலமும் நான் யாருக்கும் எழுதியதில்லை, இனியும் எழுதமாட்டேன்.

பேணாட் நீ கொடுத்த சீட்டையும் தந்தான். “என்ர ஆளைச் சாக விடச் சொல்லி அஷ்ரபிட்டச் சொல்லுங்கோ. செபமாலையைத் தங்கச்சி எடுக்கட்டும்.” உங்கள் மேசை விளையாட்டைப் பற்றி அவ்வளவுதான் இருந்தது. எனக்கு ஒரு வார்த்தை இல்லை.

சுதர்ஷிகா வாசித்துவிட்டு, “அண்ணாவுக்கு விளையாட்டு அலுத்துப்போச்சுப் போல” என்றாள். அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷமும்தான். விளையாட்டில் நீ வளர்க்கிற மானில் அவளுக்கு எப்போதும் ஒரு கண். பிள்ளையைக் குறை நினைக்காதே. அவள் விளையாட்டைத்தான் பார்த்தாள். நான் சைக்கிளைப் பார்த்தேன்.

மேசையைச் சுற்றி இருந்து, இல்லாத ஒரு நாட்டில் வாள்காரனும் மந்திரக்காரியுமாய் நடந்து, கட்டை உருட்டிச் சண்டை பிடிக்கும் உங்கள் விளையாட்டை நான் ஒரு நாளும் மதித்ததில்லை. மற்றவர்கள் ஓநாயும் கரடியும் துணைக்கு எடுக்க, நீ கோட்டை வாசலில் கடதாசி தின்று திரிகிற புள்ளிமானை எடுத்தாய். அதற்குச் செபமாலை என்று பெயரும் வைத்தாய். மிருகத்துக்கு வைக்கிற பெயரா அது என்று நான் அகப்பையோடு வந்தது நினைவிருக்கும்.

ஆனால் வியாழன் பின்னேரம் அலுமாரியைத் திறந்து உன் கொப்பியை எடுத்தேன். அஷ்ரபின் இங்கிலிஷ் புத்தகத்தைப் பார்த்துத் துணை விலங்குகளின் சட்டங்களை நீ தமிழில் எழுதி வைத்த கொப்பி. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் ஒருவரிடமும் கேளாமல் இரண்டு நாளில் முழுக்க வாசித்து முடித்தாள், தெரிந்துகொள். ‘உயிர்ப் புள்ளி 38’ என்று இருந்ததைக் கிளினிக்கில் எழுதுகிற பிறஷர் என்று நினைத்து, ஐயோ இவ்வளவு குறைவா என்று பயந்தது ஒன்றுதான் நான் விட்ட பிழை.

எசமான் ஒரு நிலை ஏறினால்தான் துணை விலங்கும் ஏறும், அவனைத் தாண்டி ஏற ஏலாது என்று எழுதியிருக்கிறாய். நீ ஐந்தாம் நிலையில் போனாய், மானும் ஐந்திலேயே நிற்கிறது. நானும் ஐந்துதான். மூன்று பேரும் ஒரே வகுப்பு வாங்கில் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்றுப் பூசை முடிந்து வர, அஷ்ரப் கிண்ணியாவில் இருந்து பஸ்ஸில் வந்திருந்தான். கதையை நடத்துகிறவன் அவன்தானே. சீட்டை இரண்டு தரம் வாசித்தான். துணை விலங்கைக் கைமாற்ற ஏலாது, எசமான் இறந்த பிறகுதான் அது வேறொருவரிடம் போகலாம் என்றான். ஆகவே ஆற்றங்கரைச் சண்டையில் உன் ஆளை ஈட்டியால் விழுத்தப் போவதாகச் சொன்னான். நான் உன் கதிரையில் போய் இருந்தேன். “அப்பம்மா, நீங்கள் இதுக்குள்ள வராதேங்கோ” என்று சுதர்ஷிகா கத்தினாள். என் பேரன்ர மானை நான்தான் பார்ப்பன் என்றேன்.

நீ செலவழிக்காமல் விட்ட வளர்ச்சிப் புள்ளி இரண்டு இருந்தது. “கொம்புக்குப் போடுங்க அப்பம்மா, அப்பதான் குத்தும்” என்றான் அஷ்ரப். குத்தி என்ன செய்ய, நிக்கட்டும் என்று இரண்டையும் எசமானை விட்டுப் போகாத பற்றுக்குப் போட்டேன். தோல் கவசத்தையும் கழற்றச் சொன்னேன். கவசம் போட்டுப் பழக்காத விலங்குக்கு ஒவ்வொரு உருட்டலிலும் மூன்று குறையும் என்று உன் கையெழுத்தில் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. அஷ்ரப் அதை மறந்தே போயிருந்தான். “அப்பம்மா சட்டத்தரணிக்குப் படிச்சிருக்கலாம்” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் ஆள் விழுந்தான். மூன்று சுற்று முடிய அவன் உயிர் போகும்; அதுவரை விழுந்தவனின் பக்கத்தில் மான் நிற்குமா, காட்டுக்கு ஓடுமா என்று சுற்றுக்கு ஒருமுறை இருபது பக்கக் கட்டையை உருட்ட வேண்டும், குறைந்தது பன்னிரண்டு வர வேண்டும். முதலாம் சுற்றில் பதினான்கு விழுந்தது. இரண்டாம் சுற்றில் பத்து. பற்றுக்குப் போட்ட இரண்டையும் கூட்டப் பன்னிரண்டு. கவசத்தோடு நின்றிருந்தால் ஒன்பதாகி, ஓடியிருக்கும்.

மூன்றாவதற்கு என் கை கட்டையை விடவில்லை. கொப்பியைத் திரும்ப விரித்து அஷ்ரபுக்குக் காட்டினேன். ஒவ்வொரு சுற்றிலும் எசமானின் முறை முதலில், அதன் பிறகுதான் விலங்கின் முறை. விழுந்து கிடந்தாலும் உயிர் போகும்வரை அவனுக்கு முறை உண்டு. எழும்புகிறேன் என்றோ போகிறேன் என்றோ அவனேதான் சொல்ல வேண்டும், மேசையில் இருக்கிற வேறு யாரும் அவனுக்காகச் சொல்ல ஏலாது. இரண்டு சுற்றிலும் அஞ்சலோவின் முறையை நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்களே, ஆள் தூரத்தில் என்றால் முறை இல்லாமல் போகுமா என்று கேட்டேன். “அவர் இங்க இல்லயே அப்பம்மா” என்றான். பிறகு, “தாங்க, கட்டையத் தாங்க” என்று கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. கைலேஞ்சியில் முடிந்துகொண்டு எழும்பி வந்துவிட்டேன். பிள்ளைகள் இரண்டும் என்னைப் பார்த்தபடி இருந்தார்கள். நான் ஏன் அழுகிறேன் என்று அதுகளுக்கு விளங்கவில்லை. நான் சொல்லவுமில்லை.

குவைத்தில் மற்றவர்களின் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிற உன் அம்மாவுக்கும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லி அவள் என்ன செய்வாள்? நான்தான் என்ன செய்வேன்? மாதா கோயிலுக்குப் போனேன், மன்றாட்டு வாயில் வரவில்லை. சும்மா இருந்துவிட்டு வந்தேன். உன் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதவும் எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை. அவன் அடுத்த அறையில்தான் இருந்தான்.

உங்கள் முகாமுக்கு வருகிற கன்னியாஸ்திரியின் விலாசத்தைப் பேணாட் தந்தான். அவர் கையால் இது உனக்கு வரும். என் விலாசம் எழுதின உறை ஒன்றும் உள்ளே வைத்திருக்கிறேன்.

திரும்பி வா என்று நான் கேட்கவில்லை. அங்கேயே இரு, வேறு நாட்டுக்குப் போ, எங்கேயாவது இரு. மூன்றாவது சுற்று உன் முறையில் நிற்கிறது. நான் கட்டையை உருட்டமாட்டேன், வேறு யாரையும் உருட்ட விடவும் மாட்டேன். எனக்கு அந்தத் தைரியம் இல்லை ராசா. ஒரு சொல் எழுது.

ஆண்டவர் உன் தலைமாட்டில் இருக்கட்டும். எழுத ஏலாதென்றால் வெறுந்தாளையாவது மடித்து உறைக்குள் வை. அதன் பசையை நீதான் நனைத்து ஒட்டினாய் என்று தெரிந்தால் எனக்குப் போதும்.

உன் அப்பம்மா,
மக்டலின்