காளை நலம், உரிமையாளர் காலமானார் என்ற பதிவைத் திருத்தக் கோரி

அனுப்புநர்:
மலையம்மாள்,
க/பெ. சின்னக்கருப்பன்,
கீழத்தெரு, வெள்ளரிக்குளம்,
அழகர்கோவில் சாலை, மதுரை மாவட்டம்.

பெறுநர்:
தனி அலுவலர் அவர்கள்,
மழைவெள்ள நிவாரணச் சிறப்புப் பிரிவு,
மதுரை.

பொருள்: மழை நிவாரணம் – இடிந்த சுவருக்கும் இறந்த காளைக்கும் தொகை வராமை – காளை உயிருடன் இருப்பதாகவும் நான் இறந்துவிட்டதாகவும் கடிதங்கள் வருதல் – திருத்தம் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கும், என் வாரிசுக்கும், என் காளைக்கும் வந்த மூன்று கடிதங்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன். வசித்து வருகிறேன் என்பதைத் தயவுசெய்து கவனிக்கவும், மனுவே அதைப் பற்றியதுதான். பத்தாம் வகுப்பு வரை படித்திருப்பதால் இதை நானே என் கைப்பட எழுதுகிறேன்.

1. போன கார்த்திகை அடைமழையில் என் வீட்டுத் தெற்குச் சுவர் இடிந்து, பக்கத்தில் கட்டிப்போட்டிருந்த என் சல்லிக்கட்டுக் காளை காரியின் மேல் விழுந்தது. விடிவதற்குள் காரி இறந்துவிட்டது. என் கணவர் திருப்பூரில் சுமை வேலை பார்ப்பதால், அதைக் கன்றிலிருந்து வளர்த்தவள் நான்தான். பெற்ற பிள்ளைக்குச் சமம் என்று சொன்னால் என் மகள் கோபித்துக்கொள்வாள், ஆனாலும் உண்மை அதுதான். சுவருக்கும் மாட்டுக்கும் தனித்தனி நிவாரணம் உண்டு என்று அறிவித்ததால் இரண்டுக்கும் முறைப்படி விண்ணப்பம் கொடுத்தேன்.

2. வாடிவாசலில் நின்று விளையாடிய காளை இறந்தால், மனிதருக்குச் செய்வதுபோலவே மாலை போட்டு, மேளம் வைத்து அடக்கம் செய்து, தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தெரு இளைஞர்கள் சார்பில் அருண்பாண்டி என்பவர் வைத்தார். காரி பீரோ பரிசு வாங்கிய அன்று நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற படம் ஒன்றுதான் கிடைத்தது. என்னை வெட்டி எடுத்தால் காளையின் ஒரு கொம்பும் போய்விடும் என்பதால், இருவரையும் சேர்த்தே மாலைக்குள் வைத்துவிட்டார். கீழே கருப்புக் கண்ணாடி போட்ட இளைஞர்கள் வரிசையாகக் கைகூப்பி நிற்கிறார்கள். படம் நன்றாகவே வந்திருக்கிறது, அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

3. கள ஆய்வுக்கு வந்த அலுவலர் வெளியூர்க்காரர் என்று கேள்விப்படுகிறேன். ஊரே வேலைக்குப் போயிருந்த பகல் நேரத்தில் வந்து, இடிந்த சுவரையும் பிளக்ஸையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாட்டுக்குக் கண்ணீர் அஞ்சலி வைப்பார்கள் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். சுவர் விழுந்து மலையம்மாள் இறந்தார், காளை நலமாக உள்ளது என்று அறிக்கை கொடுத்திருக்கிறார்.

4. மாசியில் முதல் கடிதம் வந்தது. ‘காலஞ்சென்ற திருமதி மலையம்மாள் அவர்களுக்கு’ என்று தொடங்கி, மனுதாரர் உயிருடன் இல்லாததால் சுவர் நிவாரணம் நிராகரிக்கப்படுகிறது, ஆட்சேபணை இருந்தால் மனுதாரர் நேரில் ஆஜராகலாம் என்று முடிந்திருந்தது. ஆஜரானேன். எழுத்தர் கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கணினியையே நம்பினார். “நீங்க வரக் கூடாதும்மா, உங்க வாரிசுதான் வரணும்” என்று அன்பாகத்தான் சொன்னார். டீயும் வாங்கிக் கொடுத்தார். டீ குடித்ததையாவது சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன், விதியில் இடமில்லையாம்.

5. இரண்டாவது கடிதம், திருநகரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் ஒரே மகள் தமிழ்வாணிக்கு, ஆனி மாதம் அவளுடைய வளைகாப்பு அன்று போய்ச் சேர்ந்தது. நான் அவள் கையில் வளையல் போட்டுக்கொண்டிருந்தேன். சம்பந்தியம்மா அதைப் பிரித்துச் சபையில் சத்தமாக வாசித்துவிட்டார். தாயாரின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல், ஈமச்சடங்கு உதவித்தொகை தயாராக உள்ளது, தந்தை மறுமணம் செய்யவில்லை என்ற சான்றுடன் வந்து பெற்றுக்கொள்ளவும் என்றிருந்தது. வந்திருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். “சம்பந்தி, மொதல்ல இது என்னான்னு கேட்டுட்டு வாங்க, அம்புட்டு வளையலும் எங்கயும் போயிராது” என்றார் அந்த அம்மா. மறுமணச் சான்றில் மட்டும் நான் இப்போதே சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவேன். மற்றபடி, கேட்ட பணம் வராமல் கேட்காத பணம் வாசலில் வந்து நிற்பது எந்த நியாயம் என்று விளங்கவில்லை.

6. மூன்றாவது கடிதம் காளை சம்பந்தப்பட்டது. உரிமையாளரை இழந்த கால்நடைக்குத் தீவன உதவி என்று ஒரு மூட்டை வீட்டு வாசலில் இறங்கியது. அடையாள எண் போட்ட காது வில்லை பொருத்தக் காளையை முகாமுக்குக் கொண்டு வராவிட்டால் நடவடிக்கை என்றும் எழுதியிருந்தது. முகாமுக்கு நான் மட்டும் போய், கண்மாய்க் கரையில் புதைத்த இடத்தைக் காட்டுகிறேன் வாருங்கள் என்றேன். காளை இறந்தால் உரிமையாளர் கையெழுத்திட்டுத் தெரிவிக்க வேண்டும், உரிமையாளரோ இறந்துவிட்டார், ஆகவே காளை உயிருடன்தான் உள்ளது என்றார்கள். அது இருந்தவரை ஒரு பிடி தவிடு வந்ததில்லை. அந்த மூட்டையைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

7. ஐயா, இதுவரை படித்ததில் தங்களுக்குச் சிரிப்பு வந்திருந்தால் தவறில்லை, ஊரும் சிரிக்கிறது. ஆனால் தமிழ்வாணிக்கு இது ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் பார்ப்பதுதான் முறை. தாய் வீட்டில் தெற்குப் பக்கம் சுவர் இல்லை. அருண்பாண்டியிடம் கேட்டு வாங்கி, அந்தப் பிளக்ஸையே இழுத்துக் கட்டி மறைத்திருக்கிறேன். பிள்ளை பெற்ற உடம்போடு என் மகள், பெற்றவளுடைய கண்ணீர் அஞ்சலிக்குக் கீழேயா படுப்பாள்? எனக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருக்கிறது. அங்கேயே இருந்துகொள் என்று போனில் சொன்னேன். “சொவரு கெடக்குதும்மா, நீ இருக்கேல்ல, நான் வாரேன்” என்றாள். இத்தனை மாதத்தில் நான் இருக்கிறேன் என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். போனை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன்.

ஆகவே, காரி இறந்ததையும் நான் இறக்காததையும் முறைப்படி பதிவு செய்து, சுவருக்குரிய தொகையை ஐப்பசி மழைக்கு முன்பாகவாவது வழங்க உத்தரவிடுமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மாட்டுக்குரிய தொகை இன்னும் தாமதமானாலும் நான் பொறுத்துக்கொள்வேன். ஈமச்சடங்குத் தொகையை உரிய காலம் வரும்வரை அரசே பத்திரமாக வைத்திருக்கட்டும்.

இடம்: வெள்ளரிக்குளம்
நாள்: 21.08.2025

இப்படிக்கு,
உயிருடன்,
(ஒப்பம்) மலையம்மாள்

இணைப்பு:
அ. மூன்று கடிதங்களின் நகல்கள்.
ஆ. பிரிக்காத தீவன மூட்டை – வரும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரில் ஒப்படைக்கப்படும்.
இ. நான் – மூட்டையுடன் வருகிறேன்.
ஈ. பிளக்ஸ் – இணைக்க இயலவில்லை. இதை எழுதி முடிப்பதற்குள் மகள் வந்துவிட்டாள், அதன் மறைவில்தான் தூங்குகிறாள்.